தமிழ் தெரியாதவர்கள் முன்னால்

ஐம்பது தாண்டிய பிறகு நீச்சல் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றதும் மாதாப்பூரில் வேலை பார்க்கும் என் மகள் சிரித்துவிட்டாள். "கைக்கு மம்மி?" என்று இந்த ஊர் ஹிந்தியில் கேட்டாள். எதற்கு என்கிற அந்த ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் செகந்திராபாத் பக்கம் நான் வளர்ந்த திருமுல்கேரியில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். அவளுக்கு அவ்வளவு நேரம் ஏது? ஆசை என்று மட்டும் சொன்னேன். மறுவாரமே முழங்கால் வரை வரும் நீச்சலுடை ஒன்றை வாங்கி அனுப்பிவிட்டாள்.

திருமுல்கேரியில் அப்பாவுக்கு ராணுவ அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா வேலை. சீருடை இல்லாத வேலை. அம்மா வேலூர் பக்கத்துக்காரி. வந்த இடத்தில் தெலுங்கும் ஹிந்தியும் தட்டுத்தடுமாறிப் பேசுவாளே தவிர, மனதில் உள்ளதை உள்ளபடி கொட்டுவதற்குத் தமிழ்தான். அதிலும் ஒரு வசதி கண்டுபிடித்து வைத்திருந்தாள். சுற்றி இருப்பவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆகவே எதை வேண்டுமானாலும் சத்தமாகப் பேசலாம். செகந்திராபாத் போகும் பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரியின் புடவையை முந்தானை முதல் கரை வரை அலசுவாள். காய்கறிக்காரரிடம் ஹிந்தியில் விலை கேட்டுவிட்டு, அவர் முகத்துக்கு நேராகவே, கத்தரிக்காய் சொத்தை, வேண்டாம் என்று அப்பாவிடம் தமிழில் சொல்வாள். தமிழில் பேசினால் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற மாதிரி அவளுக்கு.

ஒரு கோடை விடுமுறையில், அதிகாரிகளின் பிள்ளைகள் மட்டுமே குளித்துவந்த நீச்சல் குளத்தை, அப்பா மாதிரி ஊழியர்களின் பிள்ளைகளுக்கும் மதிய வேளையில் திறந்துவிட்டார்கள். அப்பா அலைந்து எனக்கு ஒரு பாஸ் வாங்கிவந்தார். மதியம் அவருக்கு வேலை. அம்மாதான் கூட்டிப்போக வேண்டும். பழைய கவுனை வெட்டித் தைத்த குளியலுடையைக் காலையிலிருந்தே உள்ளே போட்டுக்கொண்டு திரிந்தேன். கேட்டுக்கு வெளியே நின்றால் கம்பிகளுக்கு நடுவே தண்ணீர் தெரிந்தது. நீல நிறத்தில் தண்ணீரை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

கேட்டில் காவலுக்கு ஒரு சென்ட்ரி. வெயிலில் அசையாமல் நின்றார். பாஸை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் அம்மா பையைக் குடைந்துகொண்டே, வழக்கம்போல, என்னிடம் தமிழில் ஆரம்பித்தாள். "பாரேன், எருமை மாதிரி நிக்கறான். ஒரு குழந்த வருதே, சிரிச்சா கொறஞ்சா பூடுவான்?"

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "எருமைக்கும் தமிழ் தெரியும்க்கா. பாஸைக் காட்டுங்க" என்றார்.

அம்மாவின் முகம் மாறியது. பாஸைக் காட்டவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்துவிட்டாள். மறுநாள் நான் கிளம்பி நின்றபோது, தண்ணீர் சுத்தமில்லை, காதில் சீழ் வைக்கும் என்றாள். அதற்கடுத்த நாள் வேறு காரணம். அந்த சென்ட்ரியைத் தாண்டிப் போக அவளுக்கு முகம் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். விடுமுறை முடிந்தது. அடுத்த வருஷம் அந்தச் சலுகையும் போயிற்று. அவள்மேல் எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் போகவில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

அம்மா திருந்தினாள் என்று சொல்ல முடியாது. ஒரு முன்னெச்சரிக்கை மட்டும் சேர்த்துக்கொண்டாள். புது ஆள் யார் வந்தாலும் முதல் கேள்வி, "தமிழ் ஆதா க்யா?" தெரியாது என்றால் பிறகு அவள் ராஜ்யம்தான்.

இப்போது ஹப்சிகுடாவில் என் வீட்டில் என்னோடு இருக்கிறாள். இந்தக் கோடையில் காலை வேளைப் பெண்கள் வகுப்பில் நான் சேர்ந்ததும், வீட்டில் தனியாக என்ன செய்வது என்று அவளும் ஃபிளாஸ்க், பை சகிதம் ஆட்டோவில் ஏறிவிட்டாள். கண்ணில் புரை. குளத்தின் இந்தக் கோடிதான் தெரியும், அந்தக் கோடி மங்கல். முதல் நாளே கோச் பெண்ணிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். அந்தத் தெலுங்குப் பெண் சிரித்துக்கொண்டே, நஹி ஆதா அம்மா என்றது. அம்மா நிம்மதியாக பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் கை கால் அடிப்பது, என் இடுப்புச் சதை, ரப்பர் தொப்பியில் என் முகம் என்று ஒன்று பாக்கி விடாமல் அங்கிருந்து வர்ணனை நடந்தது.

மிதக்கப் பழகிவிட்டேன். ஆனால் ஆழமான பக்கம் போகும்போது பாதியில் காலுக்குக் கீழே தரை இல்லை என்பது நினைவுக்கு வரும். உடனே திரும்பிவிடுவேன். தினமும் இதே கதை. "டரோ நக்கோ ஆண்ட்டி" என்று கோச் தைரியம் சொல்வாள். பயப்படாதே என்றால் பயம் போய்விடுமா என்ன? கடைசி நாளும் வந்தது. அன்றைக்கு ஆழமான பக்கத்துச் சுவரைப் போய்த் தொடாதவர்கள் அடுத்த வருஷம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு அடுத்த வருஷம்வரை பொறுமை கிடையாது. ஏற்கெனவே ஒரு ஆயுள் பொறுத்தாயிற்று.

கிளம்பினேன். பாதி வந்ததும் மூச்சு முட்டியது. உடம்பு தானாகத் திரும்பப் பார்த்தது. அப்போது பெஞ்சிலிருந்து அம்மாவின் குரல், குளம் முழுக்கக் கேட்கும்படி.

"அன்னிக்கு என் வெக்கத்துக்கு உன்ன கேட்லருந்து திருப்பி இட்டுனு வந்துட்டேன். தப்பு என்னுது. நீ திரும்பாத. போடீ!"

தமிழ் தெரிந்தவர் யாரும் அங்கே இல்லை என்ற தைரியத்தில்தான் சொன்னாள். வேறு எங்கேயும் அவளால் சொல்லியிருக்க முடியாது. நான் திரும்பவில்லை. தண்ணீரைக் குடித்தேன், மூக்கில் ஏறியது, கண்டபடி கையை வீசினேன், சுவர் கையில் இடித்தது.

பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். அம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு என்னைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில், தன் மகளிடம் தினமும் தெலுங்கில் பேசுகிற ஒரு பெண், துண்டோடு நின்றிருந்தாள். அந்தப் பெண் அம்மாவின் தோளைத் தொட்டுக் குனிந்து சொன்னது தண்ணீரைத் தாண்டி எனக்கே கேட்டது.

"தொட்டுட்டாங்கம்மா. திரும்பலை."

தமிழ்! அம்மாவின் முகம் அன்றைக்கு கேட்டில் மாறிய மாதிரியே மாறியது. அவ்வளவுதான், கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் பெஞ்சில் இருந்த பையை எடுத்தாள். எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண் உட்கார இடம் விட்டாள்.