சுகமான ஆக்கள்ட ரத்தம்

ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்க வாறவனக் கண்டு முகம் மலர்ந்த மனிசர நான் இன்னும் காணல்ல. அந்த உத்தியோகத்தில என்னைப் போலக் கிடந்து சீரழிஞ்ச உங்களுக்குத்தான் இத எழுதுறன். எண்பதுகள்ள, கல்முனைப் பக்கம் நடந்தது.

வருத்தமில்லாத கை

சாய்ந்தமருதில ஜெசீமா எண்டு ஒரு புள்ள, கைக்குழந்தைய விட்டுட்டு ரத்தப் புற்றுநோயில மவுத்தாகிட்டா. அது ஒரு வைரஸால வந்ததாம், குடும்பத்திலயும் இரிக்கலாமாம், எல்லார்ட ரத்தத்தையும் எடுத்து அனுப்பு எண்டாங்க கொழும்பு டொக்டர்மார்.

வீட்டுக்குப் போனன். ஜெசீமாட ராத்தா, மூத்தவ ராஹிலா, கிணத்தில தண்ணி அள்ளிக்கொண்டு நிண்டா. நல்ல திடமான ஆள், ஒரு வருத்தம் நோய் இல்ல. அண்ணன் முறைக்கு என்னைக் காக்கா எண்டு கூப்பிடுறவக்கு, கைய நீட்டச் சொன்னதும் கோபம் வந்திட்டு.

"மவுத்தானவளக் காப்பாத்தேலாமப் போட்டு, இரிக்கிறவங்கள்ட ரத்தத்த ஏன் காக்கா கேக்கிறீங்க?"

பால் குடுத்த உம்மா

தங்கச்சிட பொடியன ராஹிலா தன்ட மகளோட சேத்துத் தன்ட பாலையே குடுத்து வளத்தா. எங்கட மார்க்கத்தில பால் குடுத்தா மகன்தான். அவன் வளந்து ஆளான பிறகும் அவனுக்கு முன்னால ராஹிலாட மகளுக்கு முக்காடு தேவல்ல, அவ கூடப்பிறந்தவதான். உம்மா இல்லாத புள்ளைக்கு இத விட என்ன வேணும்? எனக்கே கண் கலங்கிச்சு.

"இனி இவன் ஆர்ட வாசலுக்கும் போகத் தேவல்ல, காக்கா. நான்தான் இவன்ட உம்மா."

முடிவு

கோபம் தணிஞ்சு கை நீட்டின ராஹிலாக்கும் அவட உம்மாக்கும் வைரஸ் இரிக்கி எண்டு முடிவு வந்திச்சு. எங்கட டொக்டர் விளங்கப்படுத்தினார். கனபேருக்கு அது சாகுமட்டும் ஒண்டும் செய்யாதாம். ஆருக்கு எப்பப் புற்றுநோயாகும் எண்டு தெரியாதாம், மருந்தும் இல்லையாம். ஆனா பாலால புள்ளைக்குப் போகுமாம், இண்டைக்கே நிப்பாட்டணுமாம்.

ராஹிலா மடியில இரிந்த ரெண்டு புள்ளையளயும் மாறி மாறிப் பாத்தா.

"இவ்வளவு நாளும் குடிச்சத என்ன செய்ற, டொக்டர்?"

சூப்பிப் போத்தல்

புள்ளையள்ட ரத்தம் எடுக்கத் திரும்பவும் போனன். யா அல்லாஹ், அந்த வீட்டுக்குப் போகாம இரிந்திரிக்கலாம்! பொடியன் பால்மா கரைச்ச சூப்பிப் போத்தலத் தட்டிவிட்டுட்டு ராஹிலாட சட்டையப் பிடிச்சு இழுத்துக் கத்துறான். அவ சுவரப் பாத்துத் திரும்பி இரிக்கா. சட்டையெல்லாம் பாலா நனைஞ்சு கிடந்திச்சு.

ராஹிலாட உம்மாக்காரி என்ட கையப் பிடிச்சா. அவ கேட்டதக் கேட்டு நான் குனிஞ்சு ஊசியத் தேடுற மாதிரி நிண்டன்.

"ஜெசீமாக்கு ரெண்டு வயசு வரைக்கும் நான்தானே பால் குடுத்தன், மகன்?"

அதுக்குப் பிறகும் பென்ஷன் எடுக்குமட்டும் ஊசி குத்தினன்தான், 'பயப்படாதீங்க, ஒண்டுமில்ல' எண்டு சொல்றத மட்டும் விட்டுட்டன்.