ஊசிக்கு முன் கூப்பிட வேண்டும்

மலேசியாவில் போர்டிக்சன் பக்கம் ஒரு டயாலிசிஸ் சென்டரில் சீனியர் நர்ஸாகச் சேர்ந்த முதல் நாளே மிஸஸ் லாவ் என்னிடமிருந்து கையை இழுத்துக்கொண்டார். எஸ்டேட்டில் ரப்பர் வெட்டிய கை. எழுபது வயதிலும் என்ன வலு. அவருக்குக் கேண்டனீஸ் மட்டும்தான். மெய் லிங் என்ற சீன நர்ஸைத் தவிர யாரையும் ஊசி குத்த விடமாட்டார். மெய் லிங்குக்கோ மூன்று மாதத்தில் பிரசவ லீவு. டயாலிசிஸ் நின்றால் உயிர் நிற்காது.

நான் எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதிய கிராணியின் மகள். வீட்டில் ஆங்கிலம்தான். கேண்டனீஸ் கற்கப் போனில் ஆப் இறக்கி, ஆங்கில எழுத்தில் நோட்டில் எழுதி, சி ரூசா ரோட்டில் கார் ஓட்டியபடியே சத்தமாகச் சொல்லிப் பழகினேன். ஒரே சத்தத்தை ஏற்றி இறக்கி ஆறு விதமாகச் சொல்ல வேண்டும். இதைச் சர்வசாதாரணமாகப் பேசுகிற ஜனங்களை நினைத்தால் மலைப்பாக இருக்கும்.

"வலிக்கிறதா?", "அசையாதீங்க" எல்லாம் சுத்தமாக வந்தன. மிஸஸ் லாவ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மெய் லிங் போனபின் வரப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டார்.

மெய் லிங் கோலா சாவாவில் தமிழர்களோடு வளர்ந்தவள். என்னைவிட நல்ல தமிழ்.

"அக்கா, உங்க கேண்டனீஸ் ஓகே லா. ஆனா நீங்க அவங்கள கூப்பிடவே இல்லையே."

"மிஸஸ் லாவ்னு சொன்னேனே?"

"அது ஃபைல்ல உள்ள பேரு. பெரியவங்கள மொறை சொல்லி கூப்பிட்டுட்டுத்தான் நாங்க பேச ஆரம்பிப்போம். லயத்துல அத்தைன்னு கூப்பிடாம தண்ணி கேட்டா குடுப்பாங்களா?"

வெட்கமாகிவிட்டது. அப்பா எங்களைத் தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பக்கம் விட்டதில்லை. தமிழிலேயே யாரையும் முறை சொல்லி அழைத்துப் பழகாதவள் நான்.

மெய் லிங்கின் கடைசி நாளன்று கட்டிலருகே நின்று, அவள் சொல்லித்தந்தபடி "ஆ சாம்" என்றேன். சின்னம்மா மாதிரி. அவர் கண்ணை மூடியே இருந்தார். நோட்டைத் திறக்காமல் காத்திருந்து மறுபடியும் கூப்பிட்டேன். "ம்ம்" என்று கண் திறந்தார். அதன்பிறகே ஊசியைக் காட்டினேன். கையை நீட்டினார்.

புதிதாக வரும் நர்ஸ்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆப் பிறகு இறக்கலாம், நோயாளியை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று முதலில் கேளுங்கள்.

அடுத்த முறை மிஸஸ் லாவ் வர வேண்டிய நேரம் தாண்டியும் அவர் கட்டில் காலியாக இருந்தது. எனக்கு வேலையே ஓடவில்லை. அரைமணி கழித்துக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, என் முன்னால் நின்று, "ஆ நூய்" என்றார். மகளே என்று அர்த்தம். பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டார். அதற்குப் பதில் என் நோட்டில் இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.