சித்தி கண்டக்டர் ஆனபோது

எங்கள் பள்ளிக்கூட மேனேஜரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவருக்கு இப்போது வயதாகிவிட்டது, காது சரியாகக் கேட்பதில்லை. கேரள எல்லையில், பாறசாலைப் பக்கம் கல்யாண வீடுகளில் பார்த்தால் யாரென்று தெரியாமலேயே என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். நான் சிரிப்பதில்லை. வயதானவரிடம் இப்படியா இருப்பது என்று அம்மா முழங்கையால் இடிப்பாள். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

அவர் முதலில் வளைகுடாவில் ஏதோ கம்பெனியில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தவர். அதை விட்டுவிட்டு வந்து உதியன்குளங்கரையில் டைல்ஸ் கடை போட்டார். கடையைத் தம்பி தலையில் கட்டிவிட்டு ரப்பர் ஷீட் வியாபாரத்தில் இறங்கினார். அதுவும் அலுத்துப்போய்ப் பள்ளிக்கூடம் தொடங்கினார். என் அப்பாவும் லேசுப்பட்டவர் அல்ல. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக இருந்தார், போட்டோஸ்டாட் கடை வைத்தார், கடைசியில் நிலத் தரகுக்கு வந்து சேர்ந்தார். இவர்களை யாரும் நிறுத்தி, ஏன் பாதியில் விட்டாய் என்று கேட்டதில்லை. ஆம்பிளை வேலை மாறினால் அதற்கு முன்னேற்றம் என்று பெயர். எங்கள் சித்தி ஒரே ஒரு முறை மாறினாள். அதற்குத் துரோகம் என்று பெயர் வைத்தார்கள்.

சித்தி அம்மாவின் தங்கை. கல்யாணம் ஆகவில்லை, எங்கள் வீட்டில்தான் இருந்தாள். நான் எட்டாம் வகுப்பும் அண்ணன் பத்தாம் வகுப்பும் படித்த அந்தத் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒவ்வொரு ஜூனிலும் புதிதாகச் சேர்ந்தவளைப் போல அவளுக்கு ஒரு நியமன உத்தரவு கொடுப்பார்கள். ஏப்ரல், மே இரண்டு மாதமும் சம்பளம் கிடையாது. கையெழுத்துப் போடும் தொகை ஒன்று, கைக்கு வருவது வேறொன்று. இதெல்லாம் எனக்குத் தெரிந்தது நான் வேலைக்குப் போன பிறகு. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், சித்தி வகுப்புக்குள் வந்தால் கணக்கு வராத பிள்ளைகளும் முன் பெஞ்சுக்கு நகர்ந்து உட்காரும் என்பதுதான். யாராவது கரும்பலகையில் தவறாகப் போட்டுவிட்டு விழித்தால், "தெற்றட்டும் மக்கா, தெற்றாம ஆரு படிச்சா?" என்பாள். தெற்றுவது, தப்புச் செய்வது எல்லாம் அவள் வகுப்பில் சாதாரணம்.

அரசு வேலைக்கு நடக்கும் தேர்வு ஒன்றையும் அவள் விட்டதில்லை. டீச்சர் வேலைக்கான பட்டியலில் அவள் பெயர் இருந்தது. முறை வருவதற்குள் பட்டியல் காலாவதியாகிவிட்டது. கண்டக்டர் வேலைக்கான பட்டியலில் முறை வந்தது. தை மாதம் ஒரு மத்தியானம் உத்தரவு வந்தது, குறிப்பிட்ட நாளுக்குள் டிப்போவில் சேர வேண்டும் என்று.

அப்பாதான் முதலில் குதித்தார்.

"டீச்சர் எண்ணு விளிச்ச நாட்டில இனி எப்பிடி விளிப்பாவ? கண்டக்டர் எண்ணா? ஒரு கல்யாண ஆலோசன வருமா வீட்டுக்கு?"

"இப்ப மட்டும் வரிசையில நிக்கியாவளா அத்தான்?" என்று சித்தி சிரித்தாள். "சாக்பீஸ் பொடி திண்ணு மதியாச்சு, போதும். இனி பஸ்ஸில நிண்ணு கொஞ்சம் காத்து கொள்ளட்டு. எனக்கு இதாக்கும் இஷ்டம்."

நான் அதை அப்படியே நம்பினேன். மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஓடும் பஸ்ஸில் ஆடாமல் நிற்கப்போகும் சித்தியை நினைக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணனுக்கு அப்படி இல்லை. அவன் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தான்.

"பரீச்ச வாசல்ல வந்து நிக்குது. இப்ப போனா எங்களுக்கு ஆரு உண்டு?"

சித்தி அவன் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். அவனைத் துரோகி என்று நான் மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

மேனேஜர் ராஜினாமாவை வாங்கி வைத்துக்கொண்டார், சான்றிதழ்களைத் தரவில்லை. வேலைக்குச் சேரும்போது சரிபார்க்க என்று வாங்கி பீரோவில் வைத்த அசல் சான்றிதழ்கள். அவை இல்லாமல் டிப்போவில் சேர முடியாது. மார்ச் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றாராம். பெற்ற தாய் பிள்ளையை ரோட்டில் விட்டுவிட்டுப் போவாளா டீச்சரே என்றாராம். சித்தி ஒவ்வொரு நாளும் மத்தியானம் ஆபீஸ் அறை வாசலில் போய் நின்றாள். அவர் ஒவ்வொரு நாளும் பிஸியாக இருந்தார். சேர வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பள்ளியில் தொழில் தினம் வந்தது. வருடாவருடம் நடப்பது. எதிர்காலத்தில் என்ன ஆகப் போகிறோமோ அந்த வேடத்தில் வந்து மேடையில் நாலு வரி பேச வேண்டும், பெற்றோர்கள் உட்கார்ந்து கைதட்டுவார்கள். அந்த வருடம் மேனேஜரே தலைப்பைத் தந்தார்: என் தொழிலும் என் விசுவாசமும். யாரைக் குறிவைத்துத் தலைப்பு என்று எட்டாம் வகுப்புக்கே புரிந்தது.

எங்கள் எதிர்காலத்தை வகுப்பு டீச்சர் அரை மணி நேரத்தில் பங்கு வைத்துக் கொடுத்தார். பையன்களுக்கு டாக்டர், விமானி, கலெக்டர். பெண்களுக்கு நர்ஸ், டீச்சர், ஏர்ஹோஸ்டஸ். நன்றாகப் புட்டு அவிக்கத் தெரிந்த ஒரு பையன் சமையல்காரன் ஆகிறேன் என்றான். அவனுக்கு ஹோட்டல் முதலாளி என்று திருத்திக் கொடுத்தார்கள். எனக்கு நர்ஸ். அம்மா சார்ட் பேப்பரில் தொப்பி செய்து தந்தாள்.

நான் அந்தத் தொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு ஆட்டோ மாமனிடம் போய் அவருடைய பழைய காக்கிச் சட்டையைக் கேட்டேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் ஆட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு உள்ளே போய்ச் சட்டையை எடுத்து வந்து, "நானும் வாறேன்" என்றார். அவர் மகளும் எங்கள் பள்ளியில்தான் மூன்றாம் வகுப்பு படித்தாள்.

விழாவைத் தொடங்கி வைத்து மேனேஜர் பேசினார். தொழில் என்பது கோயில் என்றார். பாதியில் விட்டு ஓடுகிறவர்களை வரலாறு மன்னிக்காது என்றார். பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறினார்கள். விமானி வேடத்தில் வந்த பையன், விமானத்தை ஒருபோதும் பாதியில் விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று உறுதி கூறினான். பலத்த கைதட்டல். டாக்டர் ஆபரேஷனைப் பாதியில் விட மாட்டேன் என்றான். சித்தி மற்ற டீச்சர்களோடு சுவர் ஓரமாக நின்றிருந்தாள். சிலர் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கைதட்டினார்கள். எனக்குக் காதெல்லாம் சூடேறியது.

நர்ஸ் என்று என்னை அழைத்தார்கள். முழங்காலைத் தொடும் காக்கிச் சட்டையோடு ஏறினேன். கீழே சிரிப்பு கிளம்பியது. மலையாளத்தில் பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்திருந்தேன், முதல் வரி மலையாளத்தில்தான் வந்தது. கோபம் ஏறியதும் வீட்டுத் தமிழ் வந்துவிட்டது.

"நான் நர்ஸ் இல்ல. கண்டக்டராக்கும். எனக்க சித்தியும் கண்டக்டராட்டு போறா. அவளுக்கு பள்ளிக்கூடத்த விட பஸ்ஸாக்கும் இஷ்டம். பிள்ளியளுக்கு படிப்பிச்சு அவளுக்கு மதியாச்சு. அவளுக்க சர்ட்டிபிகேட்ட மேனேஜர் சார் பீரோவில பூட்டி வச்சிருக்காரு. அது சாருக்க இல்ல. குடுக்கணும்."

சிரிப்பு நின்றுவிட்டது. நான் சித்தியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்து, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பூரித்துப்போய்க் குனிகிறாள் என்று நினைத்தேன்.

மேனேஜர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு சிரித்தார். "பாத்தியளா, டீச்சர் வீட்டில வச்சு படிப்பிச்ச பாடம்."

மறுபடி சிரிப்பு எழுந்தது. அதற்குள் பின்வரிசையில் ஆட்டோ மாமன் எழுந்துவிட்டார்.

"சாரே, சிரி பின்ன ஆவட்டு. பிள்ள சொன்னது உள்ளதா? சர்ட்டிபிகேட்டு சாருக்க கையிலயா இருக்கு?"

"அது பள்ளிக்கூடத்துக்க நடபடி. நீரு இரியும்."

ஆட்டோ மாமன் உட்காரவில்லை. முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் எழுந்தாள், பத்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் தாய். அவளும் மேனேஜரைத்தான் கேட்கப்போகிறாள் என்று நான் சந்தோஷப்பட்டேன். அவள் சித்தியைப் பார்த்துத் திரும்பினாள்.

"சாரு செய்யிதது தெற்றுதான். ஆனா எனக்க மவ பரீச்சைக்கு என்ன செய்வா? டீச்சர் இப்ப விட்டுட்டு போறது மட்டும் நியாயமா?"

சித்தி முன்னால் வந்தாள். மேடையில் ஏறவில்லை. மேடைக்கும் நாற்காலிகளுக்கும் நடுவில் நின்றாள். வகுப்பில் வருகிற குரல் அன்றைக்கு வரவில்லை.

"நியாயம் இல்லக்கா. எனக்குத் தெரியும். எனக்கு ஓஃப் கிட்டுத நாளெல்லாம் வீட்டில வச்சு சொல்லித் தாறேன், பரீச்ச முடியது வர. பிள்ளியள அனுப்புங்க. ஆனா எனக்கு போவணும்." பிறகு மேடைப்பக்கம் திரும்பினாள். "சாரே, எனக்க சர்ட்டிபிகேட்டு இண்ணைக்கு வேணும்."

ஆபீஸ் பூட்டியாகிவிட்டது என்றார் மேனேஜர். திறக்கும் வரைக்கும் நிற்கிறோம் என்றார் ஆட்டோ மாமன். அந்த அம்மாளும் உட்காரவில்லை. ஒவ்வொருவராகப் பலர் எழுந்து நின்றார்கள். டாக்டர்களும் விமானிகளும் பசியில் சிணுங்க ஆரம்பித்தார்கள், விழா முடிந்துதான் அவர்களுக்குப் பப்ஸ். கடைசியில் மேனேஜர் மேடையிலிருந்து இறங்கி, எல்லோரும் பின்னால் வர, ஆபீஸ் அறைக்குப் போய்ப் பீரோவைத் திறந்தார். சான்றிதழ்களைச் சித்தியின் கையில் தரவில்லை. மேசைமேல் எறிந்தார். ஒன்று நழுவித் தரையில் விழுந்தது. அவள் குனிந்து எடுத்தாள். அவரை நான் மன்னிக்காததற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். எனக்கு அந்தக் குனிதல் ஒன்று போதும்.

வீட்டில் அம்மா எனக்கு நல்ல அடி தந்தாள். அப்பா, நாடு முழுவதும் நாறிவிட்டது என்று சொல்லிவிட்டு வெளியே போனார். சித்தி வந்து என்னைக் கட்டிக்கொள்வாள் என்று காத்திருந்தேன். அவள் காக்கிச் சட்டையை வாங்கிக்கொண்டு போய் அலசிக் கொடியில் போட்டாள், திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று. அண்ணன் மட்டும் வாசலில் நின்று சொன்னான்.

"உனக்கென்ன, நீ ஜெயிச்சாச்சு. எனக்கில்லியா பரீச்ச."

அதன் பிறகு பல நாள் அவன் என்னிடம் பேசவில்லை.

சித்தி வேலையில் சேர்ந்தாள். திருவனந்தபுரத்துக்குப் போகும் காலை பஸ். ஒரு சனிக்கிழமை அம்மாவும் நானும் அதில் நெய்யாற்றின்கரை வரை போனோம். எங்களுக்கும் டிக்கெட் கொடுத்தாள், வேறு யாருக்கோ கொடுப்பதுபோல. "உள்ள நீங்கி நில்லுங்க, உள்ள எடம் உண்டு" என்று அவள் போட்ட சத்தத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. வழியில் ஏறிய ஒரு தகப்பன், மகனைச் சித்தியிடம் படிக்க வைத்தவர், "டீச்சரே, நீங்களா?" என்று கேட்டுவிட்டு, சில்லறையை நீட்டத் தெரியாமல் நின்றார். படியில் நின்ற பையன்கள் சிலர், "டீச்சரே, ஒரு கணக்கு" என்று கேலி செய்தார்கள். "எறங்குத எடம் சொல்லு" என்றாள் சித்தி. பிறகு கயிற்றை இரண்டு முறை இழுத்தாள், பஸ் கிளம்பியது. அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அந்தப் பையன்களை இறங்கி அடிக்க வேண்டும்போல இருந்தது.

சொன்னபடி ஓஃப் நாட்களில் வகுப்பு எடுத்தாள். கார் இல்லாத எங்கள் கார் ஷெட்டில் ஆட்டோ மாமன் பிளைவுட் பலகைக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்துச் சாய்த்து வைத்தார். சர்ச்சிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. முதல் தடவை நாலைந்து பேர் வந்தார்கள். அந்த அம்மாள் தன் மகளைத் தானே கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனாள். அண்ணன் வரவில்லை. அறைக்குள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வெளியே கேட்கும் கணக்கைக் கேட்டுக் கேட்டு எழுதினான். சித்தி அந்த ஜன்னலுக்கு எட்டும்படி கொஞ்சம் உரக்கவே பேசினாள். அடுத்தடுத்த வாரங்களில் ஷெட் நிறைந்தது. ஒரு நாள் அண்ணன் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் போட்டான். சித்தி சாக்பீஸை நீட்டினாள். "நீ வந்து இந்த கணக்க போடு மக்கா" என்றாள்.

பரீட்சைக்கு முந்தைய கடைசி வகுப்பு மாலையில் முடிந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனார்கள். நான் நாற்காலிகளை அடுக்கலாம் என்று ஷெட்டுக்கு வந்தேன். சித்தி பலகையில் புதிதாக ஒரு கணக்கு எழுதியிருந்தாள். எழுதிவிட்டு, வெறும் நாற்காலிகளைப் பார்த்து அதை விளக்கிக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தி, யாரோ கையைத் தூக்கியதுபோல் தலையசைத்து, மறுபடி தொடர்ந்தாள்.

"ஆருக்கு சித்தி படிப்பிக்கிய? ஒருத்தரும் இல்லியே!"

"சும்மா மக்கா. நீ போ. நான் இத முடிச்சிட்டு வாறேன்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுக்களைக்கு ஓடினேன். அம்மா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாச்சக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். சித்தி நாற்காலிகளுக்கு வகுப்பு எடுக்கிறாள், வந்து பார் என்றேன். அம்மா சிரிக்கவில்லை. கத்தியை வைத்துவிட்டு எழுந்து போய், ஷெட்டுப் பக்கம் திறக்கும் கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள். அவள் முடித்துவிட்டு வரும்வரை யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்றாள்.

சித்தியின் சான்றிதழ் கிடைத்துவிட்டது, இஷ்டப்பட்ட வேலையும் கிடைத்துவிட்டது, பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். எல்லாவற்றிலும் நாங்கள்தானே ஜெயித்திருக்கிறோம், பிறகு எதற்கு இந்த அம்மா கதவைச் சாத்துகிறாள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.