வயலின்கள் நிற்கும் இடம்

ஆவி, அமானுஷ்யம் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன், எம்.ஏ. ஆங்கிலம் வரை படித்தவன், இதையெல்லாம் நம்புவது படிப்புக்கே இழுக்கு என்று நினைத்தவன். நீங்களும் நம்பப்போவதில்லை, பரவாயில்லை.

கண்டனூரில் ஒரு பழைய செட்டியார் வீட்டை விடுதியாக்கியிருக்கிறார்கள். வரவேற்பில் எனக்கு வேலை. அங்கேயே பின்கட்டில் பாத்திரம் கழுவுவது என் அம்மா. சேர்ந்த முதல் நாளே, "மத்தவுக மாதிரி நீயும் என்னைய சார்னு கூப்புடும்மா" என்று சொல்லிவிட்டேன். அம்மா சிரித்தது. "சரிங்க சார்" என்றது. வீட்டிலும் அதுவே பழகிவிட்டது.

போன மாசியில் சுவீடனிலிருந்து ஒரு பெண் இசையமைப்பாளர் வந்து தங்கினார். நான்கு பேர் வயலினும் செல்லோவும் வாசிக்கிற ஓர் இசைக்கோவை எழுதிக்கொண்டிருந்தார். ஆளில்லாத பெரிய வீட்டின் சத்தத்தைப் பதிவு செய்து, அதோடு வாத்தியங்களைச் சேர்க்க வேண்டுமாம். ஒரு ஞாயிறு, பட்டப்பகல் பன்னிரண்டு மணி. நடுமுற்றத்தில் ரெக்கார்டரை வைத்து, எல்லாக் கதவையும் பூட்டி, சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். அம்மா ஊரிலேயே இல்லை. தேவகோட்டையில் சித்தி மகளுக்குச் சர்ச்சில் புதுநன்மைச் சடங்கு, காலையிலேயே பஸ் ஏறிவிட்டது.

ஒரு மணி நேரம் கழித்துப் போட்டுக் கேட்டோம். புறா, காற்று, ஏதோ கதவின் முனகல். நடுவில், "மொட்டையா... ஏ மொட்டையா."

அம்மாவின் குரல். வேளாங்கண்ணியில் எனக்கு முடி இறக்கிய நாளிலிருந்து அம்மா கூப்பிட்ட பெயர் அது, விடுதியில் யாருக்கும் தெரியாது.

"உங்களுக்குத் தெரிந்தவரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை, தெருவில் யாரோ" என்றேன்.

பயத்தில் சொன்னேன் என்று சொல்லத்தான் ஆசை. பயமில்லை, வெட்கம். அந்தப் பெயரும், அதைக் கூப்பிட்டது பாத்திரம் கழுவுகிறவர் என்பதும்.

அவர் சுவீடனுக்குத் திரும்பிப் போய் ஒத்திகைப் பதிவை அனுப்பினார். நீளமாக இழுத்துக்கொண்டே போகிற வயலின்கள் சட்டென்று நிற்கின்றன, அம்மா கூப்பிடுகிறது, பிறகு யாரோ பதில் சொல்லக் காத்திருப்பதுபோல் நீண்ட மௌனம். நிகழ்ச்சித் தாளில் அச்சடிக்க வேண்டும், விசாரித்து அந்தக் குரலுக்கு உரியவரின் பெயரை எழுதுங்கள் என்று கேட்டிருந்தார். அரை மணி நேரம் யோசித்துவிட்டு, "தெரியவில்லை" என்று அனுப்பினேன்.

நம்பினால் நம்புங்கள், மறுபடி போட்டபோது அந்தக் குரல் இல்லை. வயலின்கள் நின்றன, வெறும் மௌனம். மூன்று போனில் போட்டுப் பார்த்தேன். அவருக்கு எழுதிக் கேட்டால், குரல் அப்படியேதான் இருக்கிறது, அரங்கில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள் என்கிறார். இன்றுவரை எனக்குக் கேட்கவில்லை.

போன வாரம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அம்மாவிடம் போனேன். வாய் வரவில்லை. "இதைக் கேளும்மா" என்று போனைத் தொட்டி ஓரத்தில் வைத்தேன்.

"என்ன சார், எண்ணெ போடாத கதவைத் தொறந்த மாதிரியே வாசிக்கிறாக!" என்று சிரித்துக்கொண்டே அம்மா குண்டானைத் தேய்த்தது. வயலின்கள் நின்றன. எனக்கு எதுவும் கேட்கவில்லை. அம்மாவின் கை மட்டும் நின்றுவிட்டது. நிமிர்ந்து என்னையே பார்த்தது.

"கூப்புடுறேன்ல, காது கேக்கலையா சார்?"