மறைவு என்ற இடம் காலியாக இருந்தது

2024 ஆகஸ்ட் 14, புதன்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். குழாயில் ஆத்தூர் அணைத் தண்ணீர் வருகிற முறை நாள். ஆறே காலுக்குள் எட்டுக் குடங்கள் நிரப்பினேன். ஏழு மணிக்கு இட்லி, எட்டு மணிக்கு மாத்திரை. ஒன்பதரைக்கு மனைவியின் கணினியைப் போட்டேன்.

வருகிற இருபத்திரண்டாம் தேதியோடு அவள் இறந்து ஒரு வருடம். நினைவஞ்சலிச் சுவரொட்டி அடிக்க வேண்டும். ஊரிலுள்ள அச்சகங்களுக்கு வீட்டிலிருந்தபடியே அத்தகைய சுவரொட்டிகளைத் தட்டச்சு செய்து கொடுத்தவள் அவள். அவளுடையதை இன்னொருவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அவள் பழகிய தமிழ் எழுத்துரு பழைய விண்டோஸில்தான் வேலை செய்யும். வாடிக்கையாளர்களின் பென் டிரைவ் வழியாக இருமுறை வைரஸ் புகுந்ததால், கணினிப் பழுது பார்க்கும் அவள் தம்பி கணினியில் லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தை ஏற்றி, அதற்குள் ஒரு மெய்நிகர் கணினியாக விண்டோஸை வைத்துக் கொடுத்தான். கணினிக்குள் ஒரு கணினி. உள்ளே இருப்பதை அவள் ஒருநாளும் மூடியதில்லை. அப்படியே உறைய வைத்துவிட்டு எழுவாள். திறந்தால் விட்ட எழுத்திலிருந்து தொடரும். நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்றும் அப்படித்தான். "செத்த நேரத்துல வந்துருவேன். அதை அணைச்சிராதீங்க" என்றாள்.

ஒரு வருடமாக நான் அதைத் திறக்கவில்லை. ஆனால் மாதத்தின் முதல் தேதி தவறாமல் லினக்ஸுக்கு அப்டேட் போட்டு, டைரியில் குறித்துவந்தேன். அந்த ஒழுங்குதான் வினையாயிற்று. மெய்நிகர் கணினியின் மென்பொருள் புதிதாகிவிட்டது. அவள் உறைய வைத்த நிலை பழையது. திறக்க மறுத்தது.

மச்சினனை வரச்சொன்னேன்.

"இதுக்கா மச்சான் கூப்டீங்க? உறைஞ்ச நிலையைத் தூக்கிப் போட்டா உடனே கிளம்பிரும். பழைய போஸ்டர் எல்லாம் டிஸ்க்குல பத்திரமா இருக்கு."

"அவ திறந்து வச்சிருந்த பக்கம்?"

"அது போயிரும்."

"போகக் கூடாதுப்பா. அணைக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போனா."

"அக்கா உசுரோட இருந்தப்ப ஒரு நாளாச்சும் சொன்ன பேச்சு கேட்டிருக்கீங்களா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டான். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

முதலில் மெய்நிகர் கணினியின் கோப்புறையை முழுதாகப் பிரதி எடுத்தோம். அந்த மென்பொருளின் பழைய பதிப்பைத் தேடி நிறுவினோம். அது லினக்ஸின் மையப் பகுதியான புதிய கெர்னலோடு சேரவில்லை. பழைய கெர்னலையும் தேடிப் போட்டு, கணினியை அதிலேயே கிளப்பினோம். ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதிக்கொண்டேன். மூன்று நாற்பதுக்குத் திறந்தது.

மூலையிலிருந்த கடிகாரம் 21 ஆகஸ்ட் 2023, 11.52 என்றது. நான் திரும்பிச் சமையலறை வாசலைப் பார்த்தேன். மறுபடி திரையைப் பார்த்தபோது கடிகாரம் இன்றைய தேதிக்கு மாறியிருந்தது.

திரையில் ஒரு நினைவஞ்சலி. பெயருக்குப் புள்ளிகள், படத்துக்கு வெற்றுச் சட்டம். 'தோற்றம்' என்பதன் கீழ் அவள் பிறந்த தேதி. 'மறைவு' என்பதன் கீழ் ஒன்றுமில்லை. அங்கேதான் கர்சர் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.

"மச்சான்," என்றான். "அக்காவுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவளுக்குத் தெரியாது. அவள் பழைய சுவரொட்டியின் மேலேயே புதியதை அடிப்பவள். ஒருமுறை அய்யலூர் ஆட்டு வியாபாரி ஒருவருடையதில், அதற்கு முந்தைய நத்தம்காரரின் மறைவுத் தேதி தங்கி அச்சாகிவிட்டது. மகன் வீட்டுக்கே வந்து, "எங்கப்பாவை ரெண்டு வருசம் முந்தியே அனுப்பி வச்சிட்டீங்களேக்கா" என்று சத்தம் போட்டார். அதிலிருந்து, விவரம் வரும்வரை தோற்றத்தில் தன் பிறந்த தேதியை வைத்துக்கொள்வாள். மறைவைக் காலியாக விடுவாள். உயிரோடிருப்பவளின் தேதி தங்கினால் செத்தவர் யாருக்கும் குறையில்லை என்பாள்.

இதை நான் சொல்லி முடித்தபோது அவன் எழுந்து வெளியே போயிருந்தான். வாசலில் நின்று, பெயரை நாளை வந்து அடித்துத் தருவதாகச் சொன்னான். தேதியை நான் போடுகிறேன் என்றேன். எண்களுக்கு அவளுடைய தமிழ் விசைப்பலகை முறை தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் அன்று கை வரவில்லை. அவள் செய்வதுபோலவே உறைய வைத்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் காலை, பல் துலக்கும் முன்பே திறந்து, 22.08.2023 என்று அடித்தேன். வேறு யாருடைய தேதியாவது தங்கியிருக்கிறதா என்று இருமுறை பார்த்தேன். சேமித்தேன். பிறகு அதை அணைத்தேன்.