கதவில் ஒட்டிய சேமிப்பு

போர் முடிந்து, மீள்குடியேற்றம் நடந்து சில வருடங்கள் கழிந்திருந்தன. மன்னாரில் ஒரு பெண்கள் சேமிப்புச் சங்கத்தின் கந்தோரில் நான் வேலை பார்த்தேன். உயிலங்குளம் பக்கத்துக் கிராமங்கள் என் பொறுப்பு. அந்த நாட்களில்தான் கொழும்பில் இருந்து ஒரு கணினிக் குழு வந்து, சங்கத்தின் கணக்கைப் பிளொக்செயினில் ஏற்றிப் பரீட்சித்துப் பார்க்கலாமா என்று கேட்டது. எங்கள் தலைவி உடனே தலையாட்டிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. விளங்காத எதைக் கண்டாலும் எனக்கு முதலில் வருவது கோபம்தான்.

குழுவில் இருந்த இளைஞர் பொறுமைசாலி. ஒரே கணக்கு பல இடத்துக் கணினிகளில் பதியும், பதிந்ததை எவராலும் அழிக்க முடியாது என்று எனக்கு விளங்கும்வரை சொன்னார். பொருளாளர் காசோடு ஓடிப்போன சங்கங்களை எங்கள் சனம் பார்த்திருக்கிறது. அதனால் பெண்களுக்கு இது பிடித்துக்கொண்டது. "அப்ப பொருளாளர் ஓடினாலும் கணக்கு ஓடாது" என்று ஒருத்தி சொல்ல, கூட்டமே சிரித்தது.

ஆனால் அந்தக் கணக்கை யாரும் திறந்து பார்க்கலாம். ஆகவே அதில் பெயர் இருக்காது, ஆளுக்கொரு நீண்ட இலக்கம் மட்டும்தான். எந்த இலக்கம் யாருடையது என்பது எங்கள் கந்தோருக்கு மட்டும் தெரியும். சங்கங்களை மேற்பார்க்கும் அரச அதிகாரிகளோ, கள்ளப் பணம் உள்ளே வராமல் இருக்க ஆளை அடையாளம் காட்டியே ஆகவேண்டும் என்றார்கள். அடையாள அட்டையின் பிரதியும் கிராம அலுவலரான விதானையாரின் உறுதிக் கடிதமும் கேட்டார்கள்.

"எங்கட பேர் எங்க எங்க போகும் மிஸ்?" என்று பெண்கள் கேட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் அது சின்னக் கேள்வி இல்லை. போர்க்காலத்தில் பெயர் பதிந்த இடங்களில் எல்லாம் இவர்களுக்கு நல்லது நடந்திருக்கவில்லை. நான் கணினிக் குழுவோடும் அதிகாரிகளோடும் சண்டை பிடித்தேன். கடைசியில், வெளியாருக்கு இலக்கம் மட்டும் தெரியும், அதிகாரிகள் காரணத்தை எழுத்தில் தந்தால் பெயரையும் காட்டுவோம் என்று முடிவானது. ஏதோ நாட்டையே நான்தான் காப்பாற்றியது போல அன்று வீட்டுக்குப் போனேன்.

பிறகு எல்லாருக்கும் பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு அட்டை கொடுத்தோம். அதில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சதுரம் இருக்கும். கைத்தொலைபேசியை அதன் முன்னால் பிடித்தால் சேமிப்பு எவ்வளவு என்று காட்டும். பத்திரமாக வைத்திருங்கோ என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த முறை போனபோது பார்த்தால், அட்டை எல்லா வீட்டின் முன்கதவிலும் ஒட்டியிருந்தது! மழை படாமல் மேலே கண்ணாடி டேப் வேறு. பிழை அவர்களுடையது என்று சொல்ல மாட்டேன். மீளக்குடியேறிய அந்த வீடுகளுக்குக் கூரை வந்தாலும், மலசலகூடம் வந்தாலும், கோழிக்குஞ்சு வந்தாலும் கூடவே கொடுத்தவரின் ஸ்டிக்கர் ஒன்றும் வரும். அது கதவில் இருக்கிறதா என்று பார்க்கவே ஆட்கள் வருவார்கள். ஸ்டிக்கர் இல்லாத வீட்டுக்கு அடுத்த உதவி வராது என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது.

"அக்கா, இதை ஏன் இங்க ஒட்டினீங்கள்?" என்று ஒரு வீட்டில் கேட்டேன்.

"பத்திரமா வைக்கச் சொன்னீங்கள்தானே மிஸ். கதவில இருந்தால் ஒருத்தரும் எடுக்கமாட்டினம்."

அந்த வீட்டை நினைத்துத்தான் நான் அதிகம் பயந்தேன். அந்த அக்கா போரில் கணவனை இழந்தவர். இரண்டு பெண்பிள்ளைகள், கொஞ்ச வயல். பக்கத்து வளவில் இருக்கும் அண்ணனிடம் உழவு இயந்திரம் இருந்தது. தங்கச்சியின் வயலைச் சும்மாதான் உழுது கொடுப்பார். ஆனால் காசு தருபவர்களின் வயலை எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் வருவார். விதைப்புப் பிந்தி, கதிர் முற்றும் நேரத்தில் தண்ணீர் இல்லாமல் போகும். அதனால் லாண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லுச் சின்ன உழவு இயந்திரம் ஒன்று வாங்க அக்கா எவருக்கும் சொல்லாமல் சேர்த்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்குத் தெரிந்தால், நான் இருக்க உனக்கு ஏன் என்று கேட்பார். அந்தக் காசைத் தன் இயந்திரத்தில் போடச் சொல்வார். இடம்பெயர்ந்து ஓடும்போது தங்கச்சியின் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்த மனிதனிடம் முடியாது என்று சொல்ல அக்காவால் இயலாது.

அட்டையை நானே கிழித்து எடுத்தேன். கொழும்புக்குப் போன் போட்டு, எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள் என்றேன்.

"அழிக்க ஏலாது மிஸ். அதுதான் இதின் சிறப்பே" என்றார் இளைஞர்.

அந்தச் சிறப்பைப் பற்றி நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஆனாலும் அவர் நல்லவர், கோபிக்காமல் வேலையைப் பார்த்தார். எல்லாருக்கும் புது இலக்கம் வந்தது. இனி இரகசிய எண் இல்லாமல் அட்டை எதையும் காட்டாது. உழவு இயந்திரக் கடைக்காரர் முற்பணம் இருக்கிறதா என்று கேட்டால், தொகையைச் சொல்லாமல் 'ஓம், இருக்கிறது' என்று மட்டும் பதில் போகும். அதிகாரிகளும் சம்மதித்தார்கள். கூடவே ஒரு விதியையும் சேர்த்தார்கள். ஒரு உறுப்பினரின் கணக்கை வேறு யாரும் பார்த்ததாகத் தெரியவந்தால், அதை அந்த உறுப்பினருக்கு நாங்கள் அறிவிக்க வேண்டும். இன்னொரு தலையிடி என்று அலுத்துக்கொண்டேன்.

மழை தொடங்கிய பிறகு ஒருநாள் அந்த அண்ணன் கந்தோருக்கு வந்தார். மன்னார்த் தெருக்களில் திரியும் கழுதைகளில் ஒன்று வாசலில் படுத்திருந்தது. அதைச் சுற்றி வந்து, கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"நான் பாத்திட்டன் மிஸ். கதவில இருந்ததை, சும்மா போனைப் பிடிச்சுப் பாத்தனான். அவ்வளவு காசு சேத்திருக்கிறாள். கடைக்காரனிட்ட விலையும் கேட்டவளாம்." தன் கைகளைப் பார்த்தபடி தொடர்ந்தார். "என்னட்டக் கேட்டிருக்கலாம். கேக்கிற மாதிரி நானும் நடக்கேல்லத்தான்."

மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"நான் பாத்தது அவளுக்குத் தெரியவேண்டாம் மிஸ். ஒளிச்சு நிண்டு எட்டிப் பாத்தவன் எண்டு நினைச்சிடுவாள்."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கணக்கு அக்காவுடையது. அவரிடம் சொல்லாமல் விட்டால், நான் பிடித்த சண்டைக்கெல்லாம் என்ன அர்த்தம்? "சொல்லத்தான் வேணும் அண்ணை. ஆனால் நீங்களே வந்து சொன்னதையும் சேத்துச் சொல்லுறன்" என்றேன். அவர் எழுந்து போனார்.

அடுத்த நாள் பஸ் எடுத்து உயிலங்குளம் போனேன். அக்கா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வசனங்கள் மறந்துபோக, அண்ணன் பார்த்ததையும் வந்து சொன்னதையும் அப்படியே கொட்டிவிட்டேன்.

"தெரியும் மிஸ்" என்றார், உடுப்பைப் பிழிந்தபடி.

"எப்பிடி?"

"இந்தக் காலபோக விதைப்புக்கு அண்ணன் முதல் உழுதது என்ர வயலைத்தான். காசு குடுத்த ஆக்களெல்லாம் வரம்பில காத்துக்கொண்டு நிண்டவை. ஏதோ தெரிஞ்சிட்டுது எண்டு அப்பவே விளங்கிட்டுது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பக்கத்து வளவைத் திரும்பிப் பார்த்தேன். இயந்திரம் நின்றது, ஆளைக் காணவில்லை.

"அப்ப இனி லாண்ட்மாஸ்டர் தேவையில்லையே அக்கா?"

"தேவை மிஸ்" என்றார். "இந்த முறை அவர் வெக்கத்தில உழுதவர். வந்து சிரிச்சு ஒரு பகிடி விடேல்ல, ஒரு தேத்தண்ணி கேக்கேல்ல, குனிஞ்ச தலை நிமிராமல் உழுதுபோட்டுப் போயிட்டார். ஒவ்வொரு வருசமும் என்ர அண்ணன் அப்பிடி உழ வேண்டாம்."