காப்பீட்டுக்காரர்களிடம் சொன்ன வலி

இந்த ஊரில் வலிக்கு எண் உண்டு. காலைச் சுற்றில் ஒவ்வொரு படுக்கையாகப் போய், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் உங்கள் வலி எத்தனை என்று கேட்பேன். யாரும் தயங்குவதில்லை. ஆறு என்பார்கள், எட்டு என்பார்கள். போன வாரம் இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட ஒரு பெரியவர், காய்கறிக் கடையில் நிறுத்து வாங்குகிறவர் மாதிரி "நாலரை" என்றார். கணினியில் அரைக்கு இடமில்லை, ஐந்து போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அது மிகைப்படுத்தல், நாலே போதும் என்று சொல்லிவிட்டார். ஜெர்மனிக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. ஒரு செவிலியாக இந்தக் கேள்வியை எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பேனோ தெரியாது. அதே கேள்வியை என்னிடம் ஒருவர் கேட்டபோது நான் சொன்ன பதில்தான் என்னை ஒரு வருடம் அலைய வைத்தது.

கேட்டவர் எலும்பு மருத்துவர். அவரிடம் எதற்குப் போனேன் என்பதை ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். என் மார்பகங்கள் என் உடம்புக்கு மீறிய பாரம். பிராவின் பட்டை இரண்டு தோளிலும் பள்ளம் பறித்திருந்தது. கழுத்து பிடித்துக்கொள்ளும். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தால் விரல்கள் மரத்துப்போகும். ஒருமுறை மருந்துத் தட்டு கையிலிருந்து நழுவி விழுந்தது. இப்படியே போனால் வார்டிலிருந்து எடுத்து மேசை வேலைக்குப் போட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். மனிதர்களைத் தொட்டுச் செய்யும் வேலையைத் தவிர எனக்கு வேறெதுவும் பிடிக்காது. அறுவை சிகிச்சை செய்து குறைத்துவிடலாம் என்றார் பெண்கள் நல மருத்துவர். கிராங்கன்காஸ்ஸ என்று இங்கே எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு உண்டு. வலிக்காகத்தான் செய்கிறோம் என்று காட்டினால் அவர்கள் செலவை ஏற்பார்கள், அழகுக்காக என்று தோன்றினால் கையை விரித்துவிடுவார்கள். சொந்தச் செலவில் செய்துகொள்ள என்னால் ஆகாது. ஆக எல்லாமே அந்த ஒரு கேள்வியில் இருந்தது. எலும்பு மருத்துவர் கேட்டார். நான் சிரித்துக்கொண்டே இரண்டு என்றேன்.

பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டு அளவில் அது இரண்டுதான். என் அம்மா அஞ்சலை மரக்காணம் உப்பளத்தில் உப்பு சுமக்கிறவள். பாத்தியில் வாரிக் குவித்ததைக் கூடையில் அள்ளி, தலையில் வைத்து, வரப்போடு நடந்து மேட்டில் கொட்ட வேண்டும். பாதத்தில் வெடிப்பு இருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து உச்சந்தலை வரை சுரீரென்று ஏறும். வீட்டுக்கு வந்தவளை எப்படிம்மா இருக்குது என்று கேட்டால் "லேசா எரியுது" என்பாள். என் தம்பியைப் பெற்றுக்கொண்டு வந்தபோதும் அவளுக்கு லேசாகத்தான் வலித்ததாம். அதற்கு மேல் எங்கள் வீட்டில் சொல்லே கிடையாது. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்துவிட்டு, ஒரு தோள் பள்ளத்துக்குப் போய் எட்டு என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

கூச்சம் என்றால் அதற்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. பள்ளிச் சீருடையின் துப்பட்டாவை நாலு ஊக்கு குத்தி நிறுத்துவேன். புத்தகங்களை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு குனிந்தே நடப்பேன். "கீழ என்னாத்தடி தேடிக்கினு போற?" என்று அம்மா கேலி செய்வாள். நர்சிங் படிக்கப் புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போய்வந்த வருடங்களில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் உட்காருவேன். கிடைக்காவிட்டால் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு புதுச்சேரி எல்லையில் கோட்டக்குப்பம் வரை நின்றே போவேன். சாலைக்கு இரண்டு பக்கமும் உப்பளம் வெள்ளை வெளேரென்று விரிந்து கிடக்கும். வெளியூர்க்காரர்கள் எட்டி எட்டிப் படம் எடுப்பார்கள். நான் என் பையைப் பார்த்துக்கொண்டு வருவேன். இதைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இங்கேயோ பேசாத ஆளே பாக்கி இல்லை என்றாகிவிட்டது. ஆறு மாதம் உடற்பயிற்சி சிகிச்சை. தோல் மருத்துவர், மார்புக்கு அடியிலிருந்த வேர்க்குருவையும் புண்ணையும் பார்த்து ஒரு கடிதம். அறுவை மருத்துவர் ஒவ்வொரு பக்கத்தையும் கையில் தாங்கிப் பார்த்து, எத்தனை கிராம் எடுக்க வேண்டிவரும் என்று உரக்கச் சொல்ல, உதவியாளர் எழுதிக்கொண்டார். பிறகு புகைப்படம், நேராக ஒன்று, பக்கவாட்டில் இரண்டு. முகம் படத்தில் விழாதுதானே என்று மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை படம் எடுத்த பெண் பொறுமை இழந்து கேமராவையே என் கையில் கொடுத்துவிட்டாள். பார்த்தேன். கழுத்துக்குக் கீழே யாரோ ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். மூக்குத்தி தெரியவில்லை என்பதில் பெரிய நிம்மதி. இத்தனை பாடும் பட்டுவிட்டு இரண்டு மாதம் காத்திருந்தால், நோயாளி தாமே குறிப்பிட்டபடி தொந்தரவு லேசானது, எனவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்று கடிதம் வந்தது.

எங்கள் வீட்டுச் சொல் அத்தனை தூரம் வந்து அலுவலக ஜெர்மனில் அச்சாகியிருந்ததைப் பார்த்து முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். மறுப்புக் கடிதத்தை எதிர்த்து விடர்ஷ்ப்ரூக் என்று ஒரு மனு எழுதலாம். ஒரு மாதம் அவகாசம். வார்டில் முப்பது வருடமாக வேலை செய்யும் பிர்கிட்டிடம் கடிதத்தைக் காட்டினேன். நயமாகப் பேச அவளுக்கு வராது. ஐயோ பாவம் என்றுகூடச் சொல்லாமல், ஏழாம் அறைப் பெரியவர் வலியே இல்லை என்கிறாரே, அவருக்கு நீ என்ன எழுதினாய் என்று கேட்டாள். ஆறு என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டல்லவா அவர் அதைச் சொன்னார்.

"சரி, இப்போது உன் கை என்ன செய்துகொண்டிருக்கிறது?" என்றாள்.

குனிந்து பார்த்தேன். என் இடது கை வலது தோளின் பட்டைக்கு அடியில் விரலை விட்டு, அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. எப்போது போனதென்றே எனக்குத் தெரியாது. பிர்கிட் ஒரு தாளை என் முன்னால் வைத்து, நோயாளி, பெண், முப்பத்திரண்டு வயது என்று ஆரம்பிக்கச் சொன்னாள். யாரோ ஒரு நோயாளி என்று நினைத்துக்கொண்டதும் பேனா தானாக ஓடியது. வலி என்ற இடத்தில் ஏழு போட்டேன். போட்டவுடன் அழுகை வந்துவிட்டது. எதற்கு அழுதேன் என்று விளக்குவதற்குள், வலி தாங்காமல் அழுகிறேன் என்று நினைத்து அவள் மாத்திரையும் தண்ணீரும் எடுத்து வந்துவிட்டாள். மறுத்தால் மறுபடி இரண்டுக்கு இறங்கிவிட்டேன் என்று நினைப்பாளே என்று பேசாமல் விழுங்கினேன்.

மனுவில் இன்னொரு கேள்வி இருந்தது. தொந்தரவு எப்போதிலிருந்து? எனக்கு நினைவில்லை. அம்மாவைத்தான் கேட்க வேண்டும். அவளிடமோ இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. ஒரு விடுமுறை நாளில் எழுந்ததும் எழாததுமாகப் போன் செய்தேன். அங்கே பத்து மணி, உப்புக் குவியல் ஓரமாக உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். நெஞ்சில் ஆபரேஷன் என்றதுமே கேன்சரா என்று பதறினாள். கேன்சர் எதுவும் இல்லை, பாரத்தைக் குறைக்கத்தான் என்று நாலு விதமாகச் சொன்ன பிறகுதான் அடங்கினாள். போன் ஸ்பீக்கரில் இருக்கிறது என்பது வேறொரு குரல் குறுக்கே வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அம்மாவோடு கூடை சுமக்கும் தனம் அக்கா.

"ஏன் கௌரி, இதுக்குக்கூடவா அந்த ஊர்ல ஆபீஸு வெச்சிருக்கான்?"

ஆமாம் என்றேன். சுற்றியிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் போன் கரகரத்தது. தனம் அக்கா விடவில்லை. "அப்ப எனக்கும் ஒண்ணு எழுதிப் போடேன். கூடயத் தூக்குறதவிட இதத் தூக்கினு நடக்கறதுதான் ரோதன." மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் அவள் பாதி நிஜமாகத்தான் கேட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

அம்மா ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வரப்போடு கொஞ்ச தூரம் தள்ளிப் போனாள்.

"பன்னெண்டு வயசுலருந்து தூக்கத்துல தோள அமுக்கிக்கினேதான் இருப்ப. பாத்துக்கினுதான் இருந்தேன்."

"ஏம்மா கேக்கல?"

"எனக்கும் அப்டித்தான் இருந்துச்சு. பொம்பளன்னா இப்டித்தான்போலன்னு வுட்டுட்டேன்." பிறகு, "அம்மா பாத்தாங்கன்னு எழுதிக்கோ" என்றாள்.

அப்படியே எழுதினேன். பிர்கிட் என் ஜெர்மனைப் பத்தி பத்தியாகத் திருத்தினாள், அந்த ஒரு வரியை மட்டும் தொடவில்லை. மறுபடியும் எலும்பு மருத்துவரிடம் போனேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போய், அவர் கேட்டதும் ஏழு என்றேன். எனக்கு அது ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போல இருந்தது, அவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டார். ஏழு வாரத்தில் பதில் வந்தது. செலவை ஏற்கிறோம் என்ற வரியை மாடிப்படியிலேயே உட்கார்ந்து மூன்று முறை படித்தேன். கீழ்வீட்டுக்காரர் ஏதாவது துக்கச் செய்தியா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அறுவை முடிந்த மூன்றாம் நாள் நிமிர்ந்து நின்றேன். முதுகுக்கு அது புதுப் பழக்கம், எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் தடுமாறியது. வீடியோவில் அம்மாவிடம் கட்டைக் காட்டி, இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை கிலோ எடுத்தார்கள் என்றேன்.

"எடுத்தத என்னா பண்ணாங்க?"

சோதனைக்கு அனுப்பிவிட்டு எரித்துவிடுவார்கள், இங்கே அதுதான் முறை என்றேன். அம்மா யோசித்தாள். எங்கள் குடும்பத்தில் இதுவரை எரிந்தவர்கள் எல்லோரும் மரக்காணத்துச் சுடுகாட்டில்தான் எரிந்திருக்கிறார்கள்.

"அப்ப ஒன்றர கிலோ அந்த ஊருக்குன்னு ஆயிடுச்சு" என்றாள். "போவட்டும், நல்லா பாத்துக்கினாங்க. மீதிய ஒழுங்கா எங்கிட்ட கொண்டாந்து சேத்துடு."

சிரித்தேன், தையல் இழுத்தது. பொங்கல் கழிந்து உப்பு வாரத் தொடங்கும்போது வருகிறேன் என்றேன். மீதிக்கு எத்தனை நாள் லீவு என்று கேட்டாள்.

"மூணு வாரம்மா."